பலாவில் ஏறிய பங்களாக் கொடி

கொடி போர்த்திய மரத்தைப் பார்த்து "எவ்வளவு அழகு" என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துவருவதில்லை. நம் வயதுக்காரர்களே, உங்களில் பலர் இப்போது அப்படிச் சொல்லத் தொடங்கிவிட்டீர்கள். வீட்டு முன்னால் நிற்கும் வேம்பில் ஏதோ ஒரு கொடியை ஏற்றிவிட்டு, அதன் அடியில் நாற்காலி போட்டுக் காப்பி குடிக்கிறீர்கள். வேம்பின் உச்சி மொட்டையாகிக்கொண்டு வருவதை நிமிர்ந்து பார்ப்பதில்லை. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் கண்ணால் கண்டதையும், பிறர் சொல்லக் கேட்டதையும், பின்னாளில் விளங்கிக்கொண்டதையும் ஒன்றோடொன்று கலக்காமல் சொல்லப் பார்க்கிறேன். கோபம் மட்டும் மூன்றிலும் கலந்திருக்கும். அதைப் பிரித்தெடுக்க எனக்கு வழி தெரியவில்லை.

நடந்தது அறுபதுகளின் தொடக்கத்தில். எனக்குப் பத்து முடிந்து பதினொன்று நடந்துகொண்டிருந்தது. அப்பா இறந்து ஆறு வருஷம். அம்மாவும் நானும் தென்காசியில் மாமா வீட்டின் பின்கட்டில் இருந்தோம். மாமா என்றால் அம்மாவின் அண்ணன். பின்கட்டு ஜன்னலைத் திறந்தால் கோயிலின் மொட்டைக் கோபுரம் தெரியும். மாமாவுக்குக் குற்றாலத்தில் ஒரு தோப்பும், தோப்புக்குள் ஓடு வேய்ந்த ஒரு வீடும் இருந்தன. சாரல் மாதங்களில் அந்த வீட்டைச் சீசனுக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவார்கள்.

தோப்பின் மேற்கு வேலியோரம் நின்ற வருக்கைப் பலா அம்மாவுடையது. இப்படி நான் எழுதுவதை மாமா ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். அப்பா போன பிறகு அம்மாவுக்கு என்ன வழி என்று பேச்சு வந்தபோது, சின்னத் தாத்தா ஓர் ஏற்பாடு செய்தார். அவர் அம்மாவின் சித்தப்பா. குடும்பத்தில் அப்போது இருந்தவர்களில் மூத்தவர். நிலத்தில் பெண்ணுக்குப் பங்கு கொடுக்கும் பழக்கம் எங்களுக்கு இல்லை. ஆனால் திரும்பி வந்த பெண்ணுக்கு ஒரு மரத்தைக் காட்டிவிடுவது உண்டு. "மரம் நிக்க வரைக்கும் பலன் அவளுக்கு. மண்ணும் தடியும் அண்ணனுக்கு" என்றார் அவர். தடி என்றால் அடிமரம். காகிதம் எதுவும் இல்லை. வெறும் சொல்தான். மரத்தை மாமா வெட்டக் கூடாது. ஆனால் மரம் தானாகப் போய்விட்டால் அம்மாவின் உரிமையும் அதோடு போய்விடும். எங்கள் உப்பு, எண்ணெய், என் பள்ளிக்கூடத்துப் பாவாடை எல்லாம் அந்த ஒரு மரத்தில் தொங்கின.

நல்ல மரம். முழங்கால் உயரத்திலேயே காய் தொடங்கும். கொஞ்சம் பெரிய பழங்கள் தரையில் முட்டுக் கொடுத்துக்கொண்டு கிடக்கும். பழுத்ததா என்று பார்க்க அம்மா விரல் முட்டியால் தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்பாள். அறுக்கும் முன் இரண்டு பேரும் கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வோம். அப்படியும் பிசின் என் முழங்கையில் ஒட்டி, பள்ளிக்கூடத்தில் ஸ்லேட்டுத் தூசியைப் பிடித்துக் கறுத்துப்போகும். சுளைகளைக் கடகப்பெட்டியில் அடுக்கி வாழையிலை போட்டு மூடி, அருவிக்குப் போகிற வழியில் அம்மா வைத்து விற்பாள். அந்தப் பனையோலைக் கடகம் பிறகு எங்கே போனது என்று தெரியவில்லை. எலி கடித்த ஒரு மூலையை அம்மா சிவப்பு நூலால் தைத்திருந்தாள்.

பழம் இல்லாத மாதங்களுக்காக அம்மா அதே மரத்தில் மிளகு ஏற்றினாள். மாமாவிடம் கேட்டுக்கொண்டுதான். "ஏத்திக்கோ, எனக்கென்ன" என்று அவர் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன். செங்கோட்டையிலிருந்து கொண்டுவந்த நான்கு கொடித்துண்டுகளை முதல் மழைக்கு நட்டு, வாழைநாரால் தளரக் கட்டினாள். வடக்குப் பக்கம் மட்டும் ஏற்றினாள். காய் பிடிக்கும் கிழக்கையும் தெற்கையும் வெறுமையாக விட்டாள். முதல் கவட்டைத் தாண்டித் தலைநீட்டிய நுனிகளைக் கிள்ளி எறிந்தாள்.

மிளகுக் கொடி மரத்தை நெரிப்பதில்லை. கணுவுக்குக் கணு சின்ன வேர் விட்டு, பல்லி சுவரைப் பிடிப்பதுபோலப் பட்டையைப் பிடித்துக்கொள்ளும். நான் ஓர் இடத்தில் பிய்த்துப் பார்த்திருக்கிறேன். பட்டையில் மெல்லிய தடம் இருந்தது, காயம் இல்லை. அதற்குச் சாப்பாடு மண்ணிலிருந்து வருகிறது. மரத்திடம் அது கேட்பது நிற்க ஓர் இடமும் கொஞ்சம் நிழலும்தான். அம்மாவும் அண்ணன் வீட்டில் அதற்கு மேல் கேட்டவள் இல்லை.

இனி மற்றக் கொடி. அருவிச் சாலையில் வெள்ளைக்காரன் காலத்துப் பங்களா ஒன்று இருந்தது. அதன் தோட்டக்காரனிடம் சொல்லி அத்தை, மாமாவின் மனைவி, ஒரு கொடியை வாங்கிவந்து கிணற்றடியில் வைத்தாள். அதற்கு எங்களில் யாருக்கும் பெயர் தெரியாது. பங்களாக் கொடி என்றே சொன்னோம். நீலப் பூ, என் உள்ளங்கை அகலம், நடுவில் மங்கின மஞ்சள். ஒரே சாரலில் வேலி முழுவதும் ஓடிவிட்டது. சீசன்காரர்கள் அதன் முன்னால் நின்று படம் பிடித்துக்கொண்டார்கள். 'பூ வேலி வீடு' வேண்டும் என்று கேட்டு வரத் தொடங்கினார்கள். அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை.

வேலியின் கோடியில் எங்கள் மரம். ஒருநாள் அத்தை என்னைக் கூப்பிட்டாள்.

"ஏட்டி, நீ கொரங்கு மாதிரி ஏறுவியே. இந்த நுனியைத் தூக்கி அந்தக் கவட்டுல போட்டுட்டு வா. மரம் பூராப் பூத்தா எப்படி இருக்கும் பாரு."

நான் ஏறினேன். நான்கைந்து நுனிகளை இழுத்துப் போய் இரண்டாம் கவட்டில் சுற்றிவிட்டேன். கீழே இறங்கியதும் அத்தை ஒரு பூவைக் கிள்ளி என் சடையில் செருகினாள். இதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை.

அம்மா கவனித்தபோது கொடி உச்சியைத் தொட்டிருந்தது.

"மைனி, ஒங்க கொடி எம் மரத்துல ஏறிட்டு."

"பூதான பூக்குது? பாம்பா ஏறுது?"

"மேல போய்ப் பந்தல் போடுது மைனி. எலைக்கு வெயில் வேண்டாமா?"

"குத்தாலத்துல எங்கன வெயிலு? நாங்களே வெயிலைப் பாத்துப் பத்து நாளாச்சு" என்று அத்தை சிரித்தாள். கூடவே இரண்டு சீசன்காரப் பெண்களும் சிரித்தார்கள். அம்மாவுக்கும் சிரிக்க வேண்டியிருந்தது.

மறுநாள் அம்மா அரிவாளை எடுத்துப்போய்க் கொடியை அடியில் அறுத்தாள். மேலே கிடந்தது இரண்டு நாளில் வாடிக் கறுத்தது. அத்தை முகம் வீங்க அழுதாள். மாமா எங்கள் பின்கட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"யாரைக் கேட்டு அறுத்தே?"

"எம் மரத்துல ஏறுச்சுண்ணே. மரம் செத்துப் போவும்."

"ஒனக்கு மரத்துல என்ன உண்டு? காய். காயைத் தொட்டமா நாங்க? மண்ணு யாருது? கொடி எம் மண்ணுல மொளைச்சது. மரத்தோட தடி எனக்கு. எந் தடியில எங்கொடி ஏறுது. இதுல நீ யாரு குறுக்க?"

சின்னத் தாத்தாவின் பங்கீட்டை அப்படியே திருப்பிப் படித்தால் மாமா சொன்னது சரி. இலைக்கு விழும் வெயில் யாருக்குச் சொந்தம் என்று அந்தப் பங்கீட்டில் சொல்லவில்லை. வெயில் இல்லாமல் பலன் எப்படி வரும் என்று கேட்க அம்மாவுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டாள். நாங்கள் அவர் வீட்டில் இருந்தோம்.

அறுத்த கொடி மூன்றாம் வாரம் மறுபடி தழைத்தது. அதற்கு மண்ணுக்குள் கிழங்கு உண்டு. மேலே எத்தனை முறை அறுத்தாலும் கிழங்கு புதிதாக விடும். இந்தத் தடவை யாரும் தூக்கிவிட வேண்டியிருக்கவில்லை. வழி தெரிந்த வீட்டுக்குள் வருவதுபோல் நேரே ஏறியது.

அடுத்த வருஷம் அந்தக் கொடிப் போர்வைக்குள்ளே நான் போய்ப் பார்த்தேன். வெளியிலிருந்து பார்த்தால் தரை வரைக்கும் தொங்கும் நீலத் திரை. விலக்கி நுழைந்தால் உள்ளே பகலிலேயே மங்கல். ஈரத்துணியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டின வாசம். ஏறிப் போனேன். பிடித்த சுள்ளிகள் என் கையோடு ஒடிந்து வந்தன. பலாவின் இலை எப்போதும் எண்ணெய் தடவினது மாதிரிக் கறும்பச்சையாக இருக்கும். அங்கே அது மஞ்சளாகி, பாதி அளவுக்குச் சிறுத்திருந்தது. மேல்கிளைகளில் இலையே இல்லை. வெளியே தெரிந்த பச்சை முழுவதும் கொடியின் பச்சை. மரம் பச்சையாக இருக்கிறது என்று எல்லோரும் நம்பியது அந்தப் பச்சையைப் பார்த்துத்தான். கொடி கொம்புகளில் சுற்றிய இடங்களில் பட்டை பிதுங்கிக்கொண்டிருந்தது. சுற்றைத் தளர்த்த விரலை நுழைத்துப் பார்த்தேன். விரல் நுழையவில்லை.

அந்த வருஷம் மொத்தம் பதினொரு காய். முந்தின வருஷங்களில் நாற்பதுக்குக் குறைந்ததில்லை. எண்ணியது நான்தான். கரித்துண்டால் பின்கட்டுச் சுவரில் கோடு போடுவது என் வேலை.

"கண்ணு பட்டிருக்கும்" என்றாள் அத்தை. மாமா, "பலாவுக்கு ஒரு வருசம் அப்படி, ஒரு வருசம் இப்படி" என்றார். அன்று மாலை அம்மா மிளகுக் கொடியின் நுனிகளை வழக்கத்துக்கு மேலாகக் கிள்ளினாள். தன் கொடியையாவது தான் அடக்கி வைத்திருப்பதாகக் காட்ட நினைத்தாளோ என்னவோ. யாரும் பார்க்கவில்லை.

ஆடிக் காற்று எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். கணவாய் வழியாக வந்து செங்கோட்டையில் கூரை ஓடுகளைத் தூக்கும், தென்காசியில் குடையைப் பிடுங்கும். அந்த ஆடியில் ஒரு நாள் மத்தியானம் நானும் அம்மாவும் தோப்பில்தான் இருந்தோம். மூன்று நாளாக விடாத சாரல். கொடி நனைந்து கனத்துக் கிடந்தது. சாதாரணமாக மரம் காற்றைத் தன் கிளைகளுக்கு நடுவே விட்டுவிடும். அந்த மரத்தில் காற்று நுழைய ஓட்டையே இல்லை. உச்சி முதல் அடி வரை ஒரே படுதா. காற்று அதைக் கப்பல் பாயைத் தள்ளுவதுபோல் தள்ளியது. முதலில் மண்ணுக்குள் 'டப் டப்' என்று வேர்கள் அறும் சத்தம். பிறகு மரம் சத்தமில்லாமல் சாய்ந்தது. வேலி மேல் விழுந்த பிறகுதான் பெரிய ஓசை எழுந்தது. வேர்க்குழியில் சிவப்பாகத் தண்ணீர் ஊறியது. நீலப் பூக்கள் ஒன்றுகூட வாடாமல் அப்படியே இருந்தன.

அம்மா ஓடிப்போய்ச் செய்த முதல் காரியம், நசுங்காத காய்களைத் தேடியது. மூன்று கிடைத்தன. ஒன்றும் முற்றவில்லை.

சின்னத் தாத்தா மறுநாள் மேலகரத்திலிருந்து வில்வண்டியில் வந்தார். ஊன்றுகோலால் மரத்தை இரண்டு இடத்தில் தட்டினார். மாமா அடிமரத்தில் பற்றியிருந்த மிளகுக் கொடியைக் காட்டினார்.

"பாருங்க சித்தப்பா. எப்படிக் கட்டிப் புடிச்சிட்டு இருக்கு பாருங்க. கழுத்தைப் புடிச்சா மனுசனே நிக்க மாட்டான். மரம் எங்கன நிக்கும்?"

"அது வடக்க மட்டுந்தான் சித்தப்பா இருக்கு" என்றாள் அம்மா. "மேல பாருங்க. மேல கெடக்கதைப் பாருங்க."

"மேல பூவுல்லா கெடக்கு" என்றார் சின்னத் தாத்தா.

"அந்தப் பூதான் சித்தப்பா..."

"பூவு பாரத்துல பலா விழுந்துச்சுன்னு சொன்னா ஊரு சிரிக்கும்ட்டி."

பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏட்டி, நீ சொல்லு. பொய் சொல்லப் படாது. அடியில இருக்க கொடியைக் கட்டுனது யாரு?"

"அம்மா."

"போதும்."

நான் பொய் சொல்லவில்லை. மேலே இருக்கும் கொடியை மரத்தில் போட்டது யார் என்று அவர் கேட்கவே இல்லை. அத்தை அவருக்குப் பின்னால் நின்றாள். கண்ணை என்மேல் வைத்தபடியே நின்றாள். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லும் தைரியம் எனக்கு அன்று இல்லை.

அம்மா வேறொரு மரம் கேட்டாள். தோப்பில் இன்னும் பன்னிரண்டு பலா நின்றன.

"ஒங் கையாலயே கெடுத்துக்கிட்டே" என்றார் சின்னத் தாத்தா. "இனி அண்ணன்கிட்ட என்ன கேக்கதுக்கு இருக்கு? மரம் நிக்க வரைக்கும்னு சொன்னேன். மரம் நிக்கலை. அண்ணன் வீட்டுல சோறு இருக்கு. தின்னுட்டு மரியாதையா இரு."

மூன்றாம் நாள் செங்கோட்டையிலிருந்து அறுப்புக்காரர் தன் கூட்டாளியோடு வந்தார். குழி வெட்டி, அடிமரத்தை மேலே உருட்டி ஏற்றி, ஒருவர் மேலும் ஒருவர் கீழுமாக நின்று ரம்பம் இழுத்தார்கள். பலாத்தூள் மஞ்சளாகக் கொட்டியது. கீழே நின்றவரின் தலையும் புருவமும் மஞ்சளாகிவிட்டன. முதல் பலகை பிரிந்து விழுந்ததும் மேலே நின்ற அறுப்புக்காரர் ரம்பத்தை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தார். பலாவைச் சக்கை என்றும் மிளகை நல்லமிளகு என்றும் மலையாள வாடையோடு பேசுகிறவர் அவர்.

"அண்ணாச்சி, இங்கன வந்து பாருங்க. பொன்னு மாதிரி இருக்கு தடி. ஒரு புழு இல்ல, ஒரு சொத்தை இல்ல. நல்லமொளகு பத்துன பக்கத்தையும் பாருங்க, பட்டைக்கு உள்ள ஒரு கீறல் உண்டா? இந்தச் சக்கை மரம் நோக்காட்டுல சாகலை. மேல போட்டுப் பொதிஞ்சு, காத்துல தள்ளி விட்டுருக்கு."

"ஒமக்குக் கூலி அறுக்கதுக்கு, பேசதுக்கு இல்ல" என்றார் மாமா.

"அது சரி. வாய்க்குக் கூலி நான் கேக்கலியே" என்று சொல்லிவிட்டு அறுப்புக்காரர் ரம்பத்தைப் பிடித்தார்.

சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்த அம்மா இதைக் கேட்டாள். கட்டின சுள்ளியை அங்கேயே போட்டுவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு மேலகரத்துக்கு நடந்தாள். சின்னத் தாத்தா சாப்பிட்டு முடித்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அம்மா மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். வந்து ஒரே ஒரு பலகையைப் பார்த்தால் போதும் என்றாள். அவர் கடைசி வரை கேட்டார்.

"அறுப்புக்காரன் சொல்லுதாம்னு நான் சொன்ன சொல்லை மாத்தணுமாக்கும்? போ, ஏட்டி. வெயிலுக்கு முந்தி வீடு போய்ச் சேரு."

சாரல் பெய்துகொண்டிருந்தது. வெயில் எங்கேயும் இல்லை.

அவர் முட்டாள் அல்ல. இதை இப்போது எழுதும்போதுதான் எனக்குக் கோபம் அதிகமாகிறது. அவருக்கு முப்பது நாற்பது வருஷம் தோப்புப் பழக்கம். எந்தக் கொடி மரத்தைக் கொல்லும் என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. மரத்தைப் பார்க்க வந்தவர் மரத்தைப் பார்க்கவில்லை. யார் பக்கம் தீர்ப்புச் சொன்னால் குடும்பத்தில் சலசலப்பு வராது என்று பார்த்தார். அம்மா பக்கம் ஆண்பிள்ளை யாரும் இல்லை. ஆகவே மிளகுதான் கொன்றது.

அம்மா சமையலுக்குப் போனாள். வேறு எங்கும் இல்லை, மாமாவின் குற்றாலத்து வீட்டுக்குத்தான். அடுத்த சீசனுக்கு வந்தவர்களுக்கு விடியற்காலையில் தோசைமாவு ஆட்டுவதிலிருந்து ராத்திரி பாத்திரம் கவிழ்ப்பது வரை அவள் வேலை. அவள் பழம் விற்ற இடத்தில் வேறு யாரோ விற்றார்கள். பங்களாக் கொடி வேலியில் பழையபடி பூத்து, அடுத்த மரத்தை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டிருந்தது.

அந்த வருஷம் மழை தொடங்கின வாரம், பள்ளிக்கூடம் இல்லாத ஒரு நாள், நானும் அம்மாவோடு போயிருந்தேன். மதுரையிலிருந்து ஒரு பெரிய குடும்பம் வந்து தங்கியிருந்தது. அருவிக்குக் கிளம்புவதற்காக ஆண்களும் பெண்களும் தலையில் எண்ணெய் வழிய முற்றத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சின்னத் தாத்தாவும் வந்திருந்தார். இரண்டு ஆட்கள் ஒரு கட்டு மிளகுக் கொடித் துண்டுகளைத் தண்ணீரில் நனைத்து வைத்துவிட்டு, ஒவ்வொரு பலாவின் அடியிலும் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு மரத்துக்கும். மதுரைக்காரர் ஒருவர், கொடி ஏற்றினால் மரம் கெட்டுப்போகாதா என்று மாமாவைக் கேட்டார்.

"மொளகு ஒண்ணும் பண்ணாது சார். பட்டையைப் புடிச்சுக்கிட்டு அது பாட்டுக்கு இருக்கும். மரத்துக்கு ஒரு கெடுதலும் கெடையாது."

என் காலிலிருந்து ஏதோ ஏறி வந்தது. நான் முற்றத்து நடுவில் போய் நின்றேன்.

"மாமா, போன வருசம் எங்க அம்மா மரத்தைக் கொன்னது மொளகுன்னுல்லா சொன்னீக?"

நான் நிறுத்தவில்லை.

"பங்களாக் கொடியை மரத்துல தூக்கிப் போட்டது நான். அத்தை சொல்லிப் போட்டேன். சின்னத் தாத்தா கேக்கலை, அதனால நான் சொல்லலை. இப்பம் சொல்லுதேன். எங்க அம்மைக்கு வேற மரம் குடுங்க."

அறை விழுந்தது. அத்தையிடமிருந்து என்று நினைத்துத் திரும்பினேன். அம்மா நின்றாள், கையெல்லாம் மாவு. என் கன்னத்திலும் மாவு.

மாமா சிரித்தார். மதுரைக்காரர்களைப் பார்த்து, "தகப்பன் இல்லாத புள்ள சார். வாய் அப்படித்தான் இருக்கும்" என்றார். சின்னத் தாத்தா செருமிக்கொண்டு, குழி தோண்டுகிறவர்களிடம், "வடக்குப் பக்கமா வைங்கலே" என்றார். அவர்கள் வடக்குப் பக்கமாக வைத்தார்கள்.

அம்மா அன்றைய சமையலை முடித்துவிட்டுத்தான் கிளம்பினாள். தென்காசிக்கு மூன்று மைல். மேலகரத்தைத் தாண்டினோம். சிற்றாற்றுப் பாலத்தில் நின்று, முந்தானையை ஆற்றுத் தண்ணீரில் நனைத்து வந்து, என் கன்னத்தில் காய்ந்துபோயிருந்த மாவைத் துடைத்தாள்.

"நீ கேட்டது சரிதாம்ட்டி" என்றாள். "கேட்ட எடந்தான் தப்பு."

அம்மா இப்போது இல்லை. எத்தனையோ விஷயத்தில் அவள் சொன்னதை நான் பிறகு ஒப்புக்கொண்டிருக்கிறேன். இதை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. தீர்ப்புச் சொன்னவர் அங்கே இருந்தார், தீர்ப்பை வாங்கிக்கொண்டவர் இருந்தார், கொடியை வைத்தவள் இருந்தாள், ஏற்றிவிட்ட நான் இருந்தேன். அந்த இடம் தப்பு என்றால், வேறு எங்கே போய்க் கேட்பது?